முதல் கேமிங் கணினி: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியே இருந்தன: குறைந்த செலவில், விளையாட்டுகளுக்கான முதல் கணினியைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது எப்படி? ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைக் குறைத்துக்கொண்டு, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையே அதிகம் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: பொறியியல் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் என் மகனுக்குப் படிப்புக்கும் விளையாட்டுக்கும் பொதுவாக ஒரு கணினி வாங்கித் தர விரும்புகிறேன். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. மற்றவற்றுக்கு 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு கடையில் கோர் ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு, லிக்விட் கூலர், வண்ண விளக்குகள் பதித்த கேபினட் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஐ7 போட்டுவிட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: வாங்க வேண்டாம். இந்தக் கொட்டேஷனில் பணம் போயிருக்கும் இடங்களைப் பாருங்கள்: பிராசசரின் பெயர், கூலர், விளக்கு. திரையில் தெரியும் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டுதான் இருப்பதிலேயே பலவீனமான பாகமாக இருக்கிறது. சிறிய தொகையில் கேமிங் கணினி சேர்ப்பவர் ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, இதற்குக் கொடுக்கும் பணம் திரைக்கு வந்து சேருகிறதா என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எதிராளியின் நகர்வு, பொருள்கள் மோதும் விதம், விளையாட்டின் விதிகள் ஆகியவற்றைப் பிராசசர் கணக்கிட்டுத் தருகிறது; அந்தக் கணக்கை நொடிக்கு 60 முறையோ 100 முறையோ படமாக்குவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 1920 × 1080 அளவுள்ள சாதாரண மானிட்டரில்கூட, புதிய கனமான விளையாட்டுகளில் முதலில் மூச்சு வாங்குவது கார்டுதான். ஜி.டி.எக்ஸ். 1650 என்பது 2019 ஏப்ரலில் வந்தது. அதில் இருப்பது 4 ஜி.பி. நினைவகம். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ்' விளையாட்டும் 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' விளையாட்டும் ரே டிரேசிங் வசதி (ஒளி பட்டுத் தெறிக்கும் விதத்தைக் கணக்கிட்டுப் படம் வரைவது) கார்டின் வன்பொருளிலேயே இருந்தால்தான் தொடங்கும், இரண்டும் குறைந்தபட்சத் தேவையாகக் குறிப்பிடுவது 8 ஜி.பி. கொண்ட ஆர்.எக்ஸ். 6600 போன்ற கார்டுகளை. பத்து வருடத்துக்கு என்று சொல்லி விற்கப்படும் கணினி, இப்போதே கடைகளில் இருக்கும் இந்த விளையாட்டுகளைத் திறக்காது.

ஐ7 என்ற பெயரையும் சற்றுக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 2011இல் வந்த ஐ7 2600 ஒரு ஐ7தான். ஆனால் அதே நான்கு கோர் (கணக்கிடும் அலகு), எட்டுத் திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணிவரிசை) கொண்டு 2022இல் வந்த ஐ3 12100, அதைவிட மிக வேகமானது. உங்கள் கொட்டேஷனில் எந்தத் தலைமுறை என்று எழுதப்படாமல் வெறும் 'ஐ7' என்று மட்டும் இருந்தால், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உங்கள் தொகைக்கு நான் சேர்ப்பதாக இருந்தால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குவேன். அந்த விலைக்குள் ஆர்.எக்ஸ். 6600 இன்னும் நல்ல பொருள். அதே விலையருகே விற்கும் ஆர்.டி.எக்ஸ். 3050ஐவிட விளையாட்டுகளில் அது தெளிவாக வேகமானது. இன்னும் சில ஆயிரம் சேர்க்க முடிந்தால் ஆர்.எக்ஸ். 7600 அல்லது ஆர்.டி.எக்ஸ். 5060 வரை போகலாம். பிராசசர் ரைசன் 5 5600. அதனுடன் பெட்டியிலேயே வரும் கூலர் போதுமானது, ஆகவே லிக்விட் கூலருக்கான பணம் அப்படியே மிச்சம். அதற்கு ஒரு பி550 மதர்போர்டு, 16 ஜி.பி. ரேம், குறைந்தது 500 ஜி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்), தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), காற்றோட்டமுள்ள எளிய கேபினட். விண்டோஸ் உரிமம், கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள். கடைசி நேரத்தில் அவற்றுக்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் குறைப்பவர்கள் உண்டு.

மகன் சேர்ந்திருப்பது கணினி அறிவியல் பிரிவாக இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இயந்திரக் கற்றலுக்கான மென்பொருள்களில் பெரும்பகுதி ஆர்.டி.எக்ஸ். கார்டுகளின் நிறுவனமான என்விடியாவின் குடா அமைப்பை (கார்டைக் கொண்டு கணக்கிட உதவும் மென்பொருள்) நம்பி எழுதப்பட்டவை. அந்தப் பாடங்களில் அவருக்கு நாட்டம் இருந்தால், விளையாட்டில் சில ஃபிரேம்கள் (நொடிக்கு வரையப்படும் படங்கள்) குறைந்தாலும் பரவாயில்லை என்று 8 ஜி.பி. கொண்ட ஆர்.டி.எக்ஸ். 5050 அல்லது 5060 வாங்குவதே பொருத்தம். இதை மகனிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இன்டெல்லா, ஏ.எம்.டி.யா? ஏ.எம்.டி. என்றால் பழைய ஏ.எம்.4 சாக்கெட்டில் பணம் போடுவது வீண், ஏ.எம்.5 தான் எதிர்காலம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எந்த நிறுவனம் என்பதில் இந்த விலை மட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ரைசன் 5 5600, கோர் ஐ5 12400எஃப் ஆகிய இரண்டுக்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். விளையாட்டுகளில் இரண்டும் தோளோடு தோள் நிற்கும். உங்கள் ஊரில் மதர்போர்டுடன் சேர்த்து எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். இன்டெல் பெயரின் கடைசியில் வரும் 'எஃப்' என்பது உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம். ரைசன் 5 5600இலும் அது கிடையாது. இவற்றை வாங்கினால் தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் சொன்ன ரைசன் 5 5600 ஏ.எம்.4 வகை. ஏ.எம்.5 2022 செப்டம்பரில் வந்தது. 2027ஐத் தாண்டியும் அதற்குப் பிராசசர்கள் வரும் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. அந்த நிறுவனம் இத்தகைய வாக்கைக் காப்பாற்றிய வரலாறும் உண்டு: 2017இல் முதல் ரைசனுக்காக வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், அதில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. ஆனால் ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 என்ற புதிய வகை ரேமை மட்டுமே ஏற்கும். மதர்போர்டும் விலை கூடுதல். 60,000 ரூபாய்க்குள் அதற்குப் போனால், அந்தக் கூடுதல் பணம் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் பிடுங்கப்படும். நாளைக்கு மாற்றப்போகும் பிராசசருக்காக இன்றைக்கு விளையாடப்போகும் கார்டை ஒரு படி இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 75,000 ரூபாயை எட்ட முடிந்தவர் தயங்காமல் ஏ.எம்.5 வாங்கட்டும்.

ஏ.எம்.4இல் பி450 போர்டு மலிவாகக் கிடைத்தால், அதிலுள்ள பயாஸ் ரைசன் 5000 வரிசையை ஏற்கும் நிலைக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே ஒருமுறை இயக்கிப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் புதுப்பிக்கப் பழைய பிராசசர் ஒன்றைத் தேடி அலைய நேரும்.

கேள்வி: கேபினட் வாங்கினால் 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்கிறார்கள். தனியாக நல்ல நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ். 4,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரண்டும் ஒரே வாட் என்றால் எதற்குக் கூடுதல் பணம்? எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போய் வரும். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. யு.பி.எஸ். தனியாக வேண்டுமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பணம் திரைக்கு வந்து சேர வேண்டும் என்று மேலே எழுதினேன். அந்தக் கணக்குக்குள் வராத ஒரே பாகம் இது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டித் தராது. ஆனால் மட்டமானது கெடும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக்கொண்டு போகக்கூடும். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் அதன் வழியாகவே போகிறது.

இரண்டும் ஒரே வாட் என்று எண்ண வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டப்பட்டிருக்கும். அதில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கணினிகளில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்தே மின்சாரத்தை எடுக்கின்றன. தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். 12ஆல் பெருக்கினால் 540 வாட். இலவசமாகத் தரப்படுவதில் 16 ஆம்பியர் என்று இருந்தால், கேபினட்டின் மேல் என்ன எண் அச்சிட்டிருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது 192 வாட்தான். சிலவற்றில் அந்த அட்டவணையே இருக்காது. அது போதுமான பதில்.

உங்கள் கணினிக்கு எவ்வளவு தேவை என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு 132 வாட். ரைசன் 5 5600 உச்சமாக 76 வாட் வரை எடுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., விசிறிகள் எல்லாமாகச் சேர்ந்து 50 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 260 வாட்டை ஒட்டி வருகிறது. கிராபிக்ஸ் கார்டுகள் கணநேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி இழுக்கும் இயல்புள்ளவை. ஆகவே நல்ல நிறுவனத்தின் 450 வாட்டே போதும் என்றாலும், பின்னாளில் பெரிய கார்டு வாங்க இடம் வைத்து 550 வாட் வாங்குவது நல்லது. அதற்கு மேல் 750, 850 என்று போக வேண்டியதில்லை. '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை, பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன் உண்டு என்பதற்கு மட்டுமே சான்று. மின்னழுத்தம் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ தானாக நின்றுவிடும் பாதுகாப்பு உண்டா என்பதை விவரப் பட்டியலில் தனியாகப் பார்க்க வேண்டும். கார்டுக்குச் செல்லும் எட்டு முனை இணைப்பு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரே வர வேண்டும். பழைய நான்கு முனை இணைப்பிலிருந்து மாற்றித் தரும் சிறு வயரைக் கடைக்காரர் நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

மின்வெட்டைப் பற்றி: வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால், ஆக்டிவ் பி.எஃப்.சி. (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) கொண்ட இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.கள் அதனுடன் ஒத்துப்போகாமல் கணினி சட்டென அணைந்துவிடுவது உண்டு. சைன் அலை இன்வெர்ட்டர் என்றால், அதில் உள்ள சுவிட்சை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றிப் பாருங்கள். மின்சாரம் மாறும் இடைவெளி அதில் குறைவு. தனி யு.பி.எஸ். வாங்குவதானால், கடைகளில் அதிகம் விற்கும் 600 வி.ஏ. வகை பொதுவாக 360 வாட்தான் தரும். கனமான விளையாட்டு ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் அது எல்லைக்கு மிக அருகில் போய்விடும். ஆகவே 1000 வி.ஏ. வாங்குவதே நிம்மதி.

இவற்றுக்கெல்லாம் முன்பு, கணினியைச் செருகப்போகும் பிளக்கில் எர்த் இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். எர்த் இல்லாவிட்டால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டி வழியாகச் சிறு மின்கசிவு கேபினட்டின் இரும்பிலேயே தங்கும். வெறுங்காலுடன் நின்று தொடும்போது சுருக்கென்று அடிப்பது அதனால்தான். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது.

கேள்வி: கண்ணாடி முகப்புள்ள கேபினட் அழகாக இருக்கிறது. வாங்கலாமா?
— பள்ளி மாணவர், வேலூர்

பதில்: உங்கள் ஊரின் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, முன்பக்கம் கண்ணாடியால் அடைக்கப்பட்ட கேபினட்டுக்குள் காற்று புகுவதற்கு ஓரச் சந்துகள் மட்டுமே மிஞ்சுகின்றன. கார்டும் பிராசசரும் சூடு ஏறும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை போட்ட கேபினட்டை வாங்கி, முன்னால் காற்றை இழுக்க இரண்டு விசிறி, பின்னால் வெளியேற்ற ஒன்று என்று வைத்தால் போதும். கண்ணாடி ஆசையைப் பக்கவாட்டுப் பலகையில் தீர்த்துக்கொள்ளலாம்; அங்கே இருப்பதால் தீங்கில்லை.

கேள்வி: ரேம் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது? இப்போதைக்கு ஒரே ஒரு 8 ஜி.பி. ரேம் போட்டுவிட்டு, விலை இறங்கியதும் இன்னொன்று வாங்கலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உலகின் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மிகுந்த விலை கொடுத்து நினைவகத்தை வாங்கத் தொடங்கியதும், அவை தம் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. 2025இன் கடைசி மாதங்களில் சில்லறைக் கடைகளில் ரேம் விலை வேகமாக ஏறியதற்குக் காரணம் இதுவே. அந்த டிசம்பரில், 'குரூசியல்' என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த தன் வணிகத்தையே மைக்ரான் கைவிடுவதாக அறிவித்தது.

இத்தகைய நேரத்தில் ஒரே 8 ஜி.பி. போட்டுத் தொடங்குவது தவறில்லை. ஆனால் அதன் விலையை நீங்கள் ஃபிரேம்களில் கொடுப்பீர்கள். மதர்போர்டில் ரேமுக்கு இரண்டு தடங்கள் உண்டு. ஒற்றை ரேம் ஒரு தடத்தை மட்டுமே பயன்படுத்துவதால் பிராசசருக்குத் தரவு போய்ச் சேரும் வேகம் பாதியாகிவிடுகிறது. தவிர, விண்டோஸும் பிரவுசரும் எடுத்ததுபோக மிஞ்சும் நினைவகத்தில் புதிய விளையாட்டுகள் திணறும். இரண்டு 8 ஜி.பி. சேர்ந்த ஜோடியாக வாங்குவதே என் பரிந்துரை. அதற்காக எஸ்.எஸ்.டி.யை 1 டி.பி.யிலிருந்து 500 ஜி.பி.க்கு இறக்கலாம், எஸ்.எஸ்.டி. பின்னால் இன்னொன்று சேர்த்தாலும் வேகத்தில் எதுவும் கெடாது. டி.டி.ஆர்.4 என்றால் பழைய கணினியிலிருந்து எடுத்த ரேமும் நல்ல தேர்வுதான். தேய்மானம் மிகக் குறைவான பாகம் அது.

பொருத்திய பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்க மறக்க வேண்டாம். அதை இயக்காவிட்டால், 3200 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2666 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: அலுவலகங்களில் பயன்படுத்திய ஐ5 கணினியில் 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு போட்டு, 'கேமிங் பிசி' என்று 18,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதை வாங்கலாமா? இல்லையென்றால், பழைய கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்குவது பாதுகாப்பானதா?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த 4 ஜி.பி. கார்டின் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலும் ஜி.டி. 730 என்று வரும். அது 2014இல், படம் பார்ப்பதற்கும் இரண்டாவது மானிட்டர் இணைப்பதற்கும் என்று வந்த கார்டு. அதில் 4 ஜி.பி. மெதுவான டி.டி.ஆர்.3 நினைவகத்தைப் பொருத்தியிருப்பது பெட்டியின் மேல் எண் பெரிதாகத் தெரிவதற்கு மட்டுமே உதவும். நினைவகத்தின் அளவை வைத்துக் கார்டின் வேகத்தை மதிப்பிடவே கூடாது.

அடுத்து, அந்த ஐ5 எந்தத் தலைமுறை? நான்காம் தலைமுறை என்றால் 2013இல் வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் முறைப்படி நிறுவ முடியும். ஏதாவது குறுக்கு வழியில் நிறுவினாலும், 'வலோரன்ட்' விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் அனுமதிக்கும். இன்னொரு சிக்கல், பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டு இணைப்பும் பொதுவான அளவில் இருப்பதில்லை. பின்னால் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கினாலும் பொருந்தாமல் போகலாம்.

25,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசாகூட இயலாது என்பவருக்கு இந்த வழி முற்றிலும் மூடப்பட்டதல்ல. ஐ5 8500 போன்ற எட்டாம் தலைமுறைப் பிராசசர் கொண்ட, மெலிந்த வகையாக இல்லாத முழு டவர் கணினியாகப் பார்த்து வாங்கி, அதில் 6 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டைப் பொருத்தலாம். அந்தக் கார்டு 70 வாட் மட்டுமே எடுப்பதால், மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். தனி மின் இணைப்பு தேவையில்லாத மாடலாகக் கேட்டு வாங்க வேண்டும். 8 ஜி.பி. கொண்ட 3050 இதிலிருந்து வேறானது. அதற்கு மின் இணைப்பு வேண்டும்.

தனியாகப் பழைய கார்டு வாங்குவதைப் பொறுத்தவரை, 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டுகளின் தேவையை ஒழித்ததிலிருந்து, அந்த நாணயத்தை ஈட்டும் 'சுரங்க'ப் பணியில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அப்படி ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டுவிட்டது என்று பொருளல்ல. விசிறியும் உள்ளிருக்கும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்ற முடியும். அதைவிடக் கவனிக்க வேண்டியது கார்டின் வயது. ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. ஆகவே ஜி.டி.எக்ஸ். 1060, 1070 ஆகியவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர் வேகமானதுதான் என்றாலும் ரே டிரேசிங் வன்பொருள் அதில் இல்லை. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் விற்பவற்றில் '2048எஸ்.பி.' என்ற குறைந்த வகையும் கலந்திருக்கிறது. உண்மையான 580இல் 2304 கணிப்பு அலகுகள் உண்டு. பழையதில் வாங்கத் தகுந்தவை என்று நான் சொல்வது ஆர்.எக்ஸ். 6600, 12 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3060, ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர் ஆகிய மூன்றை.

விற்பவரின் இடத்திலேயே, அவருடைய கணினியில் கார்டைப் பொருத்தி, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, விசிறியில் கரகரப்பு கேட்கிறதா, வெப்பம் 85 டிகிரியைத் தாண்டுகிறதா என்று கவனியுங்கள். 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருள் கார்டின் உண்மை விவரங்களைக் காட்டும். பில்லும், பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒத்துப்போனால், மிச்சமிருக்கும் வாரண்டி உங்களுக்குக் கிடைக்குமா என்று அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். இதற்கெல்லாம் இணங்காதவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: என் தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். கிராபிக்ஸ் கார்டை அங்கிருந்து வாங்கி வரச் சொல்லலாமா?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இரண்டு ஊர் விலையையும், நம் ஊரில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த பிறகு வரும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இரண்டு மூவாயிரம் ரூபாய்தான் என்றால் இங்கேயே வாங்கிவிடுங்கள். பெரும்பாலான கார்டு நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டுக்கு மட்டுமே உரியது. கார்டு கெட்டால் அதை மாமாவிடமே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அதற்குள் அவர் அடுத்த முறை ஊருக்கு வரும் காலமும் ஆகிவிடலாம். எஸ்.எஸ்.டி., ரேம் போன்ற சிறிய பாகங்களில் சில நிறுவனங்கள் எந்த நாட்டிலும் வாரண்டி தருகின்றன. அவற்றை வாங்கி வரச் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

இங்கே வாங்கும்போது ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். 'கேமிங் கணினி ஒன்று' என்று ஒரே வரியில் போட்டுத் தரும் பில்லை வைத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் எந்தச் சேவை மையத்திலும் வாதாட முடியாது. பெட்டி இல்லாமல் வரும் 'ட்ரே' பிராசசரின் வாரண்டி பெரும்பாலும் கடைக்காரருடைய வாய்ச்சொல் மட்டுமே.

கேள்வி: தற்போது கிராபிக்ஸ் கார்ட் வாங்கும் அளவுக்கு என்னிடம் பணம் இல்லை. ரைசன் 5 5600ஜி போட்டு ஒரு கணனி எடுத்து, அடுத்த வருடம் கார்ட் சேர்க்கலாமா?
— பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். 5600ஜி பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. 'வலோரன்ட்', 'கவுன்டர்-ஸ்டிரைக் 2' போன்றவை 1080பி-யில் (1920 × 1080) குறைந்த அமைப்புகளில் நன்றாகவே ஓடும். கனமான கதை விளையாட்டுகளுக்கு 720பி-க்கு இறங்க வேண்டியிருக்கும். உள்ளமைந்த கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இல்லாமல் ரேமையே பயன்படுத்துவதால், இரண்டு ரேம் ஜோடியாக இருக்க வேண்டும் என்பது மற்றவர்களுக்கு அறிவுரை என்றால் உங்களுக்கு நிபந்தனை. ஒற்றை ரேமில் இந்தப் பிராசசரை வாங்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. 5600இல் 32 எம்.பி. இருக்கும் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்), 5600ஜியில் 16 எம்.பி.தான், கார்டுடன் பேசும் பி.சி.ஐ.இ. இணைப்பும் ஒரு தலைமுறை பழையது. ஆகவே அடுத்த ஆண்டு கார்டு சேர்க்கும்போது, அதே கார்டை 5600உடன் பயன்படுத்துபவரைவிடச் சில ஃபிரேம்கள் குறைவாகவே உங்களுக்குக் கிடைக்கும். அந்தக் கட்டத்தில் 4 ஜி.பி. கொண்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி.யை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது நான்கு பி.சி.ஐ.இ. தடங்களையே பயன்படுத்துவதால் பழைய இணைப்பில் மிகவும் பின்தங்கும். எட்டுத் தடம் கொண்ட ஆர்.எக்ஸ். 6600க்கு அந்தப் பாதிப்பு மிகச் சிறிது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் இப்போதே அடுத்த ஆண்டின் கார்டை எண்ணி 550 வாட்டாக வாங்கிவிடுங்கள். இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம் என்பதால், கடையில் சொல்லும் விலை வரியுடனா, வரியில்லாமலா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ஐ5 12400, ஆர்.எக்ஸ். 6600, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று சேர்த்துப் பத்து நாள் ஆகிறது. எந்த விளையாட்டும் சீராக ஓடவில்லை. கார்டு பழுதா? 1440பி மானிட்டர் வாங்கியிருக்க வேண்டுமோ?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: கார்டைக் கழற்றுவதற்கு முன் கணினியின் பின்பக்கம் பாருங்கள். மானிட்டர் கேபிள் மேலே மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கீழே கிடையாக இருக்கும் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா? உங்கள் பிராசசர் 'எஃப்' இல்லாத 12400 என்பதால் அதற்குள்ளும் கிராபிக்ஸ் இருக்கிறது. மதர்போர்டில் செருகினாலும் படம் வரும். விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்கும். புதிதாகச் சேர்ப்பவர்களிடம் வரும் புகார்களில் இதுதான் முதலிடம்.

கேபிள் சரியான இடத்தில் இருந்தால், விண்டோஸில் டிஸ்பிளே அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குள் போய்ப் புதுப்பிப்பு வேகம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் முதலில் 60இலேயே தொடங்குவது வழக்கம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிநொடி, 144இல் 6.9 மில்லிநொடி. பட்டியலில் 144 தென்படாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். சில மானிட்டர்கள் எச்.டி.எம்.ஐ. வழியில் முழு வேகத்தைத் தருவதில்லை, டிஸ்பிளேபோர்ட் வழியில் தரும்.

1440பி மானிட்டர் வாங்காதது நல்லதே. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி-யில் 36.9 லட்சம். அதே கார்டு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வேலை செய்ய வேண்டியிருக்கும். ஆர்.எக்ஸ். 6600 அதற்கான கார்டு அல்ல. மேலே சொன்ன இரண்டையும் சரிசெய்த பிறகு, மானிட்டரின் மெனுவிலும் ஏ.எம்.டி. மென்பொருளிலும் ஃப்ரீசிங்க் என்பதை இயக்கிவிடுங்கள். ஃபிரேம்கள் ஏறி இறங்கும்போது படம் கிழிவதுபோலத் தெரிவது நின்றுவிடும். இத்தனைக்குப் பிறகும் தடுமாறினால், எந்த விளையாட்டு, கார்டின் வெப்பம் எவ்வளவு, எந்த எஸ்.எம்.பி.எஸ். என்ற மூன்றையும் குறித்து மீண்டும் எழுதுங்கள்.